கிரகணத்தன்னைக்கு மூக்குல ஒட்டுன கரி

டேய் முதலாளி,

ஒன் மகன் இன்னைக்கு வந்து ரெண்டு காகிதக் கண்ணாடியை மேசையில வச்சுட்டுப் போனான். கிரகணம் பாக்குற கண்ணாடியாம். ஒண்ணைப் போட்டுப் பாத்தேன். வீடு இல்ல, கதவு இல்ல, என் கையே இல்ல. அத்தனையும் கறுப்பு. "சூரியனைத் தவிர ஒண்ணும் தெரியாது மாமா"ன்னான். நீ மௌத்தாகி மண்ணுக்குள்ள போன நாள்லேருந்து கண்ணாடி போடாமலே எனக்கு அப்படித்தான் கெடக்கு.

உக்குவளையில ஒன் கடையில கடைசியா கூத்தடிச்சமே, ஞாபகம் இருக்கா? "அடுத்த வருசம் ஆகஸ்ட்டுல மக்காவுல பட்டப்பகல்ல இருட்டப்போகுது மச்சான். மகன் கூட்டிப் போறேங்கிறான், நீயும் வா"ன்ன.

"என்னையத்தான் மக்காவுக்குள்ள விடமாட்டாங்களே."

"நீ ஜித்தாவுல நில்லு. அங்கயும் முழுசா இருட்டுமாம். நம்ம மாத்தளையில ஓரத்துல ஒரு கடிதான்."

அது எப்படின்னு கேட்டேன். நீ ஒரு கையில டோர்ச் எடுத்த, ஒரு கையில சாறு புழியுற தேசிக்கா. டோர்ச் சூரியன், தேசிக்கா நிலா, என் மொட்டை மண்டை பூமி. "நெழலு நடுவுல விழுற எடம் மக்கா. இந்தா, காதுகிட்ட மாத்தளை"ன்னு மண்டையில தட்டித் தட்டிக் காட்டுன. கடைக்கு வந்த சனமெல்லாம் சிரிச்சிச்சு.

"அப்ப மாசாமாசம் அமாவாசைக்கு ஏன்டா இருட்டல?"

"நிலா போற பாதை சரிஞ்சு கெடக்கு. நெழலு மேலயோ கீழயோ தப்பிப் போயிரும். மூணும் நேரா நிக்கிற அன்னைக்குத்தான் பிடிக்கும்."

"இத்துணூண்டு தேசிக்கா அம்மாம்பெரிய சூரியனை மறைக்குமா?"

"அது தூரத்துல கெடக்கு, இது கிட்ட இருக்கு. கிட்ட இருந்தாச் சின்னதே போதும்."

சொல்லிட்டு பிளேன்டீ ஊத்துன. கோப்பையில ஊத்தல, கோப்பைக்குப் பக்கத்துல ஊத்துன. அதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எனக்குச் சிரிக்க வாயி இருந்திச்சு பாரு.

ஒன் வலது கண்ணுல நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு. சுத்திவரத் தெரியும், நேரா பாக்குறது தெரியாது. "நல்ல கண்ணை மூடிக்கிட்டு ஒன்னையப் பாத்தா மூஞ்சி இருக்குற எடத்துல ஒண்ணுமில்ல மச்சான். பெரிய நிம்மதி"ன்னு சொல்லுவ. எத்தனை தடவை சொல்லியிருப்ப!

அந்தப் பொட்டு நான் வச்சது.

நமக்கு எட்டு வயசு. நம்ம ஊருலயே முழுக் கிரகணம். ஒன் வாப்பா தொழப் போயிட்டாரு. எங்கம்மா குடத்துக்கெல்லாம் புல்லைப் போட்டு மூடிக்கிட்டு இருந்தா. ரெண்டு பேரும் ரயில் ரோட்டுக்கு ஓடிட்டோம். கண்ணு சிமிட்டாம யாரு கூட நேரம் சூரியனைப் பாக்குறது, தோத்தவன் பேக்கரியில பனிஸ் பன்னு வாங்கணும்னு பந்தயம் வச்சது நான்தான். எங்க அண்ணன் கிரகணம் பாக்க குப்பி லாம்புல கரி பிடிச்சு வச்சிருந்த சிமினிக் கண்ணாடிச் சில்லைத் திருடி உள்ளங்கையில மறைச்சு வச்சிருந்தவனும் நான்தான். நீ அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிற. நான் கரிச் சில்லை மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, "நான் இன்னும் பாக்குறேன்டா, நீ தோத்துட்டியா?"ங்கிறேன். ரோசக்காரன் நீ. கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த நின்ன, கடைசியில சிமிட்டுனது நீதான்.

முழுசா இருட்டி, காக்கா எல்லாம் மரத்துக்குப் போயி, திரும்ப வெளிச்சம் வந்திச்சு. நீ என்னையவே பாத்த.

"மூக்குல என்னடா கரி?"

"இருட்டு ஒட்டிக்கிச்சு"ன்னேன்.

நீ விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, பனிஸ் வாங்கிக் குடுத்த. முழுசா நானே தின்னேன்.

லொறி ஓட்டணும்னு ஒனக்கு எவ்வளவு ஆசை! கண்ணுப் பரிசோதனையில தள்ளிட்டாங்க. நீ லொறியை வாங்கி, சாவியை என் கையில குடுத்த. தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்தப் போறப்ப, பக்கத்து சீட்டுல குந்திக்கிட்டு, கையில ஒண்ணுமில்லாம வளைவுக்கு வளைவு ஸ்டேரிங் திருப்புவ. நான் ஒன்னையக் கிண்டல் பண்ணுவேன். அத்தனை வருசம் வாய் ஓயாம பேசுன எனக்கு அந்த ஒரு சங்கதி மட்டும் வாயில வரல.

ஜித்தாவுல நின்னுக்கிட்டு, இருட்டுற நேரம் போனைப் போட்டுச் சொல்லிருவோம்னு நெனச்சிருந்தேன். மூஞ்சியைப் பாக்காம சொல்லலாம்ல. நீ அதுக்குள்ள போயிட்ட.

இன்னைக்கு ஒன் மகன் கெளம்புறப்ப வாசல்ல நின்னு சொன்னான்: "வாப்பாதான் மாமா ரெண்டு வாங்கச் சொன்னாங்க. 'அவன்கிட்ட சொல்லு, இந்தத் தடவை ஆளுக்கு ஒண்ணு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. ஏன் சிரிச்சாங்கன்னு எனக்கு வெளங்கல."

எனக்கு வெளங்கிச்சுடா.

கரியைப் பாத்த அன்னைக்கே ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் பனிஸ் வாங்கிக் குடுத்திருக்க, தெரிஞ்சுக்கிட்டேதான் சாவியைக் குடுத்திருக்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காறித் துப்பியிருக்கலாமேடா. இப்ப நான் யாருகிட்டப் போயி மன்னிப்புக் கேக்குறது? ஒன் மண்ணுகிட்டயா?

ஆகஸ்ட்டுல நான் எதையும் பாக்கப் போறதில்ல. கண்ணாடி ரெண்டும் அப்படியே கெடக்கட்டும்.

அவன் போனதுக்குப் பெறகு குழாயடிக்குப் போயி மூஞ்சியைக் கழுவுனேன். மூக்கைத்தான் தேய்ச்சேன். தோலு எரியுற வரைக்கும் தேய்ச்சேன்.