சீன நாவலின் கடைசிப் பக்கம்

நவம்பர் 14, வியாழன்

தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கட்டுமா என்று டாக்டர் இன்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டு வருத்தத்தை வெளியாள் ஏன் சொல்ல வேண்டும்? பாரிசுக்கு வந்த நாள் முதல் அண்ணைக்காகப் பிரெஞ்சு பேசுவது நான்தானே.

இனிச் செய்ய ஒன்றுமில்லை, வலிக்கு மட்டும் மருந்து தருகிறோம் என்றார் டாக்டர். நான் அண்ணையிடம், "மருந்தை மாத்தினால் சரிவருமாம்" என்று நாக்கூசாமல் சொன்னேன். அண்ணை "ஓம்" என்று தலையாட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் மெத்ரோ ரயிலில் நான் ஒரு சீன நாவல் வாசிக்கிறேன். அதன் கதையை அண்ணைக்கும் சொல்லிக்கொண்டு வருகிறேன். அதில் ஒரு மகன் தாயின் புற்றுநோயைத் தாயிடமே மறைக்கிறான். "அது அவளின்ரை உயிர். அவளுக்கெல்லோ முதல் சொல்லோணும்!" என்று போன கிழமை அண்ணையிடம் எவ்வளவு சுலபமாகக் கத்திவிட்டேன்.

வீடு திரும்பும்போது லா சப்பல் மெத்ரோ நிலையத்துப் படியில் மூச்சு வாங்க நின்றபோது அண்ணை கேட்டார்: "அந்தச் சீனப் பொடியன் கடைசியிலை தாய்க்குச் சொன்னவனோ?"

நாவலை நேற்றே முடித்துவிட்டேன். அவன் சொல்லவேயில்லை.

"இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை அண்ணை."

கைப்பிடியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார்.

"சுறுக்கா வாசிச்சு முடி, பிள்ளை" என்றார்.