பன்னிரண்டாவது பதில்

அப்பா,

வாசல் கதவின் உள்பக்கம் நீங்கள் ஒட்டிய அட்டை இந்த டிசம்பர் மழையில் ஓரம் பிரிந்துவிட்டது. லேமினேஷனுக்குள் ஈரம் புகுந்து, 'கீசர்' என்ற சொல்லின் மேல் சாம்பல் வட்டம் ஒன்று படர்ந்திருக்கிறது. அதை அழுத்தி ஒட்டப் போனபோது பழைய பசை வாசனை வந்தது. அந்த வாசனையில் நீங்கள் அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை அப்படியே திரும்பி வந்தது. ரசமட்டம் வைத்துக் கோணம் பார்த்தீர்கள். ஓர் அட்டைக்கு ரசமட்டமா என்று நான் சிரித்தேன். "கோணலா இருந்தா கண்ணு ஒரு வரியைத் தாண்டிடும்" என்றீர்கள்.

பதினொரு வரிகள். கேஸ் வால்வு, மோட்டார், கீசர், அயர்ன் பாக்ஸ், குழாய்கள், ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ் கதவு, பால்கனிக் கதவு, தண்ணீர் பாட்டில், சாவி. விமான நிலையத்தில் விமானங்களைப் பழுதுபார்க்கும் உங்கள் வேலையிலிருந்து நம் வீட்டுக்குள் வந்த வழக்கம். ஒருவர் வாசிக்க வேண்டும். மற்றவர் போய் அந்தப் பொருளைக் கையால் தொட்டுவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். பார்த்தால் போதாது. "கண்ணு நேத்து பார்த்ததையே இன்னைக்கும் பார்க்கும்மா. கை அப்படி ஏமாறாது."

நீங்கள் வாசித்தீர்கள், நான் தொட்டேன். அம்மா இந்த ஆட்டத்தில் சேரவே இல்லை. பாடம் நடத்தும் மேடவாக்கத்துப் பள்ளிக்கு ஆறரை மணிக்கே பஸ் பிடிக்க வேண்டும் அவளுக்கு. "இது வீடா, ஃபிளைட்டா? ஏற ஒரு லிஸ்ட், இறங்க ஒரு லிஸ்ட்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பாள். "உனக்கும் ஒரு லிஸ்ட் எழுதித் தரேன். குடை, டிபன், கண்ணாடி. மூணே வரி" என்பீர்கள். "எனக்கு மூளை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போவாள்.

உங்கள் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் சிவப்பில் எழுதுகிறோம். தண்ணீர் லாரி வரும் நாட்களை ஃபிரிட்ஜ் மேல் எழுதி வைக்கிறோம். மாத்திரைப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில், எந்த மருந்து எந்த மாதம் காலாவதியாகிறது என்ற பட்டியல் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. அதில் கடைசி வரியிலுள்ள மருந்து போன மாதம் காலாவதியாயிற்று. நீங்கள் முன்பே எழுதி வைத்த தேதியில், நீங்கள் இல்லாத ஒரு நாளில், நான் அதைத் தூக்கிப் போட்டேன்.

இப்போது காலையில் வீட்டைப் பூட்டுவது நான் ஒருத்திதான். கேள்விகளை மனதுக்குள் வாசித்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றையும் தொட்டு, வாய்விட்டுப் பதில் சொல்கிறேன். கடைசியாக வெளியே வந்து பூட்டிச் சாவியைத் தொட்டு, "இருக்கு" என்கிறேன். அதோடு முடிய வேண்டும். அப்படித்தான் முடிகிறது என்று நான் நினைத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை எதிர் வீட்டு அக்கா கூப்பிட்டார். இந்தக் கட்டிடம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு வயல். ஏழரை மணிக்குத் தண்ணீர் கேனுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்.

"பாப்பா, டெய்லி யார்கூட பேசினு கீற?"

"யார்கூடவும் இல்லக்கா. அப்பாவோட லிஸ்ட். பதினொண்ணு இருக்கு, சொல்லிட்டுப் போவேன்."

"பதினொண்ணா? பன்னண்டு தபா சொல்றியே."

"இல்லக்கா, பதினொண்ணுதான்."

"நான் எண்ணிக்கினேதான் நிக்கிறேன். நேத்தும் பன்னண்டு. பூட்டினப்புறம் 'இருக்கு'ன்ற. அப்பால கொஞ்ச நேரம் சும்மா நிக்கிற. அப்பால 'தொட்டேன்'ன்ற. இன்னாத்த தொட்ட?"

ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு இறங்கிப் போனேன்.

வெள்ளிக்கிழமை என்னையே கவனித்தேன். பூட்டினேன். சாவியைத் தொட்டேன். "இருக்கு" என்றேன். பிறகு நகர முடியவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை, அப்பா. அதை நிச்சயமாகச் சொல்வேன். ஆனால் படிக்கட்டில் ஒரு மௌனம் இருந்தது. ஒருவர் கேட்டு முடித்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருக்கும்போது இருக்குமே, அந்த மாதிரி. மேல் மாடி மிக்ஸி சத்தம்கூட அந்த நேரத்தில் நின்றிருந்தது. என் வாய் தானாகத் திறந்தது. "தொட்டேன்."

அந்தக் கேள்வி எதுவென்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மார்ச் மாதம். எனக்கு ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பரீட்சைகள். அன்று காலை சீருடையை நானே அயர்ன் செய்தேன். பிறகு ஷூ போட உட்கார்ந்தவள், மடியில் நூலகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டேன். இரண்டே பக்கம் பாக்கி இருந்தது. நீங்கள் அட்டையின் முன் நின்று வாசித்தீர்கள். முதல் மூன்றுக்கும் எழுந்து ஓடினேன். நான்காவதாக, "அயர்ன் பாக்ஸ்?" என்றீர்கள். நான் எழுந்திருக்கவில்லை. "ஆஃப்" என்றேன்.

நீங்கள் அடுத்த வரிக்குப் போகவில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தீர்கள். "தொட்டியா?"

"தொட்டேன்."

உங்களிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அது.

பல்லாவரத்தில் பள்ளி வாசலில் என்னை இறக்கிவிட்டீர்கள். என் மனதில் அயர்ன் பாக்ஸ் சூடேறிக்கொண்டே இருந்தது. "அப்பா, அயர்ன் பாக்ஸ் ரொம்ப நேரம் ஆன்ல இருந்தா தானா ஆஃப் ஆயிடுமா?" என்று கேட்டேன். நீங்கள் ஹெல்மெட்டுக்குள் சிரித்தீர்கள். "போய் எழுது. அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றீர்கள். அங்கிருந்து நீங்கள் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் லாரி மோதிக் கிடந்த உங்கள் வண்டி நம் வீடு இருக்கும் கீழ்க்கட்டளைப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று மாமா சொன்னார். வேலைக்குப் போகும் நேரத்தில் நீங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள்.

ஏன் திரும்பினீர்கள் என்று வீட்டில் யாரும் பேசவில்லை. நான் மட்டும் ஒன்பது மாதம் அதைச் சுமந்தேன். என் பொய்யை அணைக்கத்தான் திரும்பினீர்கள். அதில்தான் போனீர்கள்.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. அன்று மாலை கதவைத் திறந்ததும் எல்லோருக்கும் முன்னால் படுக்கையறைக்கு ஓடினேன். அயர்ன் பாக்ஸ் மேசையில் இல்லை. அலமாரித் தட்டில் இருந்தது. குளிர்ந்து கிடந்தது. ஒயர் மூன்று சுற்றுச் சுற்றி, நுனி உள்ளே செருகப்பட்டிருந்தது. உங்களைத் தவிர யாரும் அப்படிச் சுற்ற மாட்டார்கள். ஆனால் நீங்கள் வீடு வந்து சேரவே இல்லையே. அதற்குப் பிறகு அந்த அலமாரியை நான் திறக்கவில்லை; நான்காவது வரிக்கு அதன் மூடிய கதவை மட்டும் தொட்டுப் பதில் சொல்லி வந்தேன். என் சீருடை தெருமுனை இஸ்திரி வண்டிக்குத்தான் போகிறது. ஏன் என்று அம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து, இருப்பது இல்லாதது எழுதிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஷூ, புத்தகம், பொய், பள்ளி வாசல், மூன்று சுற்று. சொல்லி முடிக்கும்வரை அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"நீ ஷூ மாட்டறப்போ உங்கப்பா என்ன பண்ணுவாருன்னு நினைச்ச?" என்று கேட்டாள்.

"பால்கனியில நிப்பாரு. செடிக்குத் தண்ணி ஊத்துவாரு."

"ஒரு ரவுண்டு போவாரு. பதினொண்ணையும் அவரே தொட்டுட்டு வந்துதான் உங்கிட்ட கேப்பாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கணும்?"

"நானும் அதான் கேட்டேன். அவ தொடக் கத்துக்கணும்னாரு. சரி, அப்ப நீங்க ஏன் தொடறீங்கன்னேன். அவ ஒருநாள் பொய் சொன்னா வீடு எரியக் கூடாதில்லன்னாரு."

அப்படியென்றால், நீங்கள் "தொட்டியா?" என்று கேட்டபோது ஒயர் ஏற்கெனவே சுற்றப்பட்டுத் தட்டில் இருந்தது. நான் சொன்னது பொய் என்று தெரிந்தேதான் அடுத்த வரிக்குப் போனீர்கள். பல்லாவரம்வரை என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் ஓட்டினீர்கள்.

"அப்ப ஏம்மா திரும்பி வந்தாரு?" என்றேன்.

அம்மா ஃபிரிட்ஜ் கதவை மூடினாள். "தெரியல" என்றாள். அது நன்றாகத்தான் மூடியிருந்தது. மறுபடி ஒருமுறை அழுத்தினாள்.

இன்று அவளுக்குத் தேர்வு மேற்பார்வை மதியம்தான். அதனால் முதல் முறையாக நாங்கள் இருவரும் சேர்ந்து கிளம்பினோம். எதுவும் சொல்லாமல் அம்மா போய் அட்டையின் முன் நின்று வாசிக்க ஆரம்பித்தாள். வகுப்பில் டிக்டேஷன் கொடுக்கிற குரல். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பதில் சொன்னேன். அயர்ன் பாக்ஸுக்கு அலமாரியைத் திறந்தேன். ஒன்பது மாதத் தூசி அதன் மேல் இருந்தது. தொட்டேன். பூட்டிக்கொண்டு வெளியே வந்தோம். "சாவி?" என்றாள் அம்மா. "இருக்கு" என்றேன்.

பிறகு அந்த மௌனம் வந்தது. அம்மா பக்கத்தில் நிற்கும்போதே வந்தது. நான் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை.

"இல்லப்பா. தொடல."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. படிக்கட்டின் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. "ஆமா" என்றாள்.

"யாருக்கும்மா சொன்ன?"

"தினம் ஆறேகாலுக்கு இங்க நின்னு சொல்லிட்டுத்தான் போறேன்" என்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு விடைத்தாள் திருத்தணும். கண்ணாடியை வீட்லயே விட்டுட்டுப் போயிட்டேன். எட்டு மணிக்கு போன் பண்ணேன். சிரிச்சாரு. 'மூணே வரி எழுதித் தரேன்னு சொன்னேனே, எடுத்துட்டு வரேன்'னாரு. அவ்வளவுதான்." பிறகு, "'நீதான் கூப்பிட்டியா'ன்னு ஒவ்வொரு நாளும் அவரு கேக்கற மாதிரியே இருக்கு" என்றாள்.

எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அக்கா கேனுக்குப் பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை அவர் எதையும் எண்ணிச் சொல்லவில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் விரல்கள் என்னுடையவற்றைவிடக் குளிர்ந்திருந்தன. நாங்கள் மெதுவாக இறங்கினோம்.

இதைப் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் பயம் போய்விட்டது என்று எழுதத்தான் நோட்டைத் திறந்தேன். போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஒன்பது மாதமாக நீங்கள் கேட்கிறீர்களே என்று பயந்தேன். இன்று நாங்கள் இருவருமே உண்மையைச் சொல்லிவிட்டோம். உங்களுக்குக் கேட்க இனி ஒன்றும் மிச்சமில்லை. நாளைக் காலை ஏழரைக்குப் பூட்டிவிட்டு நான் நிற்பேன். அப்போது அது வெறும் படிக்கட்டாக இருந்துவிட்டால் என்ன செய்வது, அப்பா?