குமிழில் ஒரு சிவப்புப் புள்ளி

கல்லடி, மட்டக்களப்பு
2024 மே 4

அன்புள்ள றொனால்டுக்கு,

மாமியும் நானும் சுகம். அங்கே உங்களுக்கும் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று மாமி ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் முழந்தாளிடுகிறா. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

போனில் பேசும்போது நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் கோபித்துக்கொள்கிறோம். அதனால்தான் மின்னஞ்சல். எழுத்தில் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

முன்னறை மீன்தொட்டியின் விளக்கு பாதி செத்துவிட்டது. நீல வரிசை முழுவதும் எரியவில்லை. விளக்கின் விசிறியும் இரண்டு நாள் உறுமிவிட்டு நின்றுவிட்டது. காத்தான்குடியில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் அம்ஜத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். விளக்கைப் பார்க்கவே இல்லை, தொட்டிக்குள் வளரும் பவளத்தைத்தான் பார்த்தார். "தங்கச்சி, மாப்பிள்ள வராட்டி இத வெச்சி நீங்க என்ன செய்யிற? எனக்கிட்டத் தாங்க. புள்ளயப் போலப் பாத்துக்குவன்" என்றார்.

நாம் கல்யாணம் முடித்த வருடம் உங்கள் கொழும்பு நண்பர் தந்தபோது காளான் போன்ற அந்தத் தோல்பவளம் ஒரு பெருவிரல் அளவு. இப்போது என் கையை விரித்தால்தான் அதன் குடையை மறைக்கலாம்.

ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டுவதா என்று மாதக் கடைசிக்குள் கம்பனிக்குச் சொல்லவேண்டும் என்றீர்கள். போன முறை நீங்கள் கையெழுத்துப் போட்டதை நான் மாமியின் வாயால்தான் கேட்டேன். இந்த முறை முடிவு எதுவானாலும் எனக்கு முதலில் சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் தொட்டியை வைத்திருப்பதா, அம்ஜத்துக்குக் கொடுப்பதா என்று நான் யோசிக்க முடியும்.

ஷெரோன்


தோஹா
2024 மே 6

அன்பு ஷெரோன்,

அம்ஜத்துக்குக் கொடுக்காதே. விளக்கை நீயே திருத்தலாம்.

முதலில் பிளக்கைக் கழற்று. சுவிட்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்காதே. கழற்றி, வயரை உன் கண்ணுக்கு முன்னால் தரையில் போடு. காலில் செருப்பு இருக்கட்டும். அம்மா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய். விளக்கை இறக்கும்போது தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்காதே. மேசைக்குக் கொண்டு போ.

அந்த நீல எல்.ஈ.டி. மணிகள் எல்லாம் ஒரே நூலில் கோத்த மாதிரி. ஒன்று செத்தால் வரிசையே இருண்டுவிடும். அலுமாரியின் கீழ் லாச்சியில் மஞ்சள் டெஸ்டர் இருக்கிறது. அதன் இரண்டு கம்பியாலும் ஒவ்வொரு மணியையும் தொட்டுப் பார். நல்லது மங்கலாக மின்னும், மின்னாததுதான் செத்தது. மாற்று மணிகளும், அவற்றை ஈயம் உருக்கி ஒட்டும் ஈயக்கோலும் அதே லாச்சியில். மணிக்குக் கீழே வெள்ளைப் பசை பூச மறக்காதே, இல்லாவிட்டால் சூட்டில் மறுபடி போய்விடும். விசிறியில் உப்புப் படிந்திருக்கும், பழைய பல் பிரஷ்ஷால் தட்டி எடு. விளக்கின் அடிக்கண்ணாடியையும் துடை.

கவனம். கை சுட்டால் பிறகு நான்தான் அம்மாவிடம் ஏச்சு வாங்கவேண்டும்.

ஒப்பந்தம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இங்கே சரியான வெயில்.

றொனால்ட்


கல்லடி
2024 மே 15

அன்புள்ள றொனால்டுக்கு,

திருத்திவிட்டேன். கை சுடவில்லை, மேசைவிரிப்புத்தான் சுட்டது. மாமியிடம் இன்னும் சொல்லவில்லை.

செத்த மணி வரிசையின் நடுவில் இருந்தது. அடிக்கண்ணாடியில் உப்பு தேங்காய்ச் சிரட்டை போலத் தடித்துக் கிடந்தது. வினாகிரி தொட்டு ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்தேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, நீங்கள் பயணம் போகிற அன்று என் நெயில் பொலிஷால் வைத்த சிவப்புப் புள்ளிக்கே திருப்பி வைத்தேன். விளக்குப் போட்டதும் முன்னறைச் சுவரெல்லாம் நீலம். மாமி கை தட்டினா. எனக்கும் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பவளம் மூடிக்கொண்டது. விரல் விரலாக நீட்டும் இழைகளில் ஒன்றைக்கூட வெளியே காட்டவில்லை. குடை சுருங்கி, மேலே மெழுகு போல ஒரு தோல் படர்ந்திருக்கிறது. இன்றைக்கு ஐந்தாவது நாள். மாமி தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறா. "என்ன புள்ள, செத்துப் போச்சா? மறுகா அவன் வந்து என்னத்தப் பாக்கிற?" என்கிறா. நீங்கள் வருவீர்களா என்பதே எனக்குத் தெரியாது.

நீங்கள் சொன்னதில் ஒன்றையும் நான் விடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கையிலேயே செத்துப்போனால், அம்ஜத்திடம் கொடுத்திருக்கலாமே.

ஒப்பந்தம் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள்.

ஷெரோன்


தோஹா
2024 மே 16

என் ஷெரோன்,

உடனே குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கு. மிச்சத்தை அதன்பிறகு வாசி.

இறக்கிவிட்டாயா? சரி. அது சாகவில்லை. பிழை உன்னுடையதில்லை, அந்தப் புள்ளியுடையது. நான் இங்கே வருவதற்கு முந்தைய மாதங்களில் நாம் வீட்டுக்குள் அவ்வளவாகப் பேசிக்கொள்ளவில்லை, ஞாபகமா? தொட்டிப் பக்கமும் நான் சரியாகப் போகவில்லை. கண்ணாடியில் உப்பு படியப் படிய, துடைக்கப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் குமிழைக் கூட்டிக்கொண்டே போனேன். புள்ளி வைத்தது அந்த அழுக்குக் கண்ணாடிக்குத்தான். அதற்குப் பிறகும் உப்பு ஏற ஏறப் பவளம் மங்கல் வெளிச்சத்துக்குப் பழகிவிட்டது. நீ கண்ணாடியைத் துடைத்ததும் உச்சி வெயிலில் நிறுத்தியதுபோல ஆகிவிட்டது. தோல் உரித்துவிட்டு மறுபடி திறக்கும். தொடாதே. வாரத்துக்கு ஒருமுறை ஒரு துளி கூட்டு. என் புள்ளியைப் பார்க்காதே, பவளத்தைப் பார்.

மற்றது. நான் கையெழுத்துப் போடவில்லை. கம்பனிக்கு இன்னும் தெரியாது, நாளைக் காலைதான் சொல்லப்போகிறேன். அம்மாவுக்கும் தெரியாது. முதலில் உனக்குச் சொல்கிறேன். ஓகஸ்டில் வாறன்.

முன்பே எழுதியிருக்கலாம். நீ சந்தோஷப்படுவாயா என்று தெரியாமல் இருந்தது.

றொனால்ட்


கல்லடி
2024 மே 29

அன்புள்ள றொனால்டுக்கு,

திறந்துவிட்டது.

நேற்று அந்த மெழுகுத் தோல் ஒரு ஓரத்தில் கிழிந்து, நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இன்று காலை விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் குடை முழுவதும் விரல்கள். முந்தியதைவிட நிறமாகவும் இருக்கிறது. மாமி "இஞ்ச வா புள்ள, இஞ்ச வா" என்று கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு றுமானாவும் பயந்து ஓடிவந்துவிட்டா. பிறகு மூவரும் நின்று பார்த்தோம். அம்ஜத்துக்குப் போன் பண்ணி, பவளம் வீட்டில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். "அப்ப மாப்பிள்ள வாறாரா?" என்று சிரித்தார்.

நீங்கள் ஓகஸ்டில் வருவதை மாமிக்கு அன்றே சொல்லவில்லை. ஒரு நாள் முழுவதும் எனக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் சொன்னபோது அவ என் முகத்தைப் பார்த்து, "எனக்கு நேத்தே தெரியும்" என்றா. நான் சந்தோஷப்படுவேனா என்று நீங்கள் எழுதியதற்கு அதுதான் பதில்.

குமிழிலிருந்த புள்ளியை ரிமூவர் தொட்டு அழித்துவிட்டேன். வரும்போது ஒரு சிவப்பு நெயில் பொலிஷ் வாங்கி வாருங்கள். இம்முறை அதை நான் நகத்தில்தான் பூசுவேன்.

உங்கள்
ஷெரோன்