படுத்தால் வலி, உட்கார்ந்தால் சிரிப்பு

முதுகுவலிக்காரருக்கு,

சாப்பாடு அடுப்புமேல் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் அப்பா வீடு மாற்றியபோது, முதுகுவலி என்று படுத்திருந்த உங்கள் காலைச் சோதித்துப் பார்க்க ஒரு சாண் தூக்கினேன். "ஐயோ, முதுகு போச்சு!" என்று அலறினீர்கள். நம்பினேன். பீரோவை என் தம்பியோடு சேர்ந்து தூக்கியது எழுபது வயது அப்பா.

நேற்று கட்டிலில் உட்கார்ந்து போனில் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பாதவெடிப்பைப் பார்க்கிற சாக்கில் அதே காலை நேராக நீட்டிப் பிடித்தேன். சிரிப்பு நிற்கவே இல்லை. படுத்துத் தூக்கினாலும் உட்கார்ந்து நீட்டினாலும் இழுபடுவது ஒரே நரம்புதான். பிசியோதெரபிஸ்டைக் கட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது, இதுகூடத் தெரியவில்லை!

உங்கள் நண்பர்களுக்குப் போன் பண்ணி, "பாவம், அவரால எந்திரிக்கவே முடியல" என்று சொல்லிவிட்டேன். நாளை அவர்கள் மீன்பிடிக்கப் போகிற காரில் உங்கள் இடத்தில் என் தம்பி உட்காருவான்.

பத்து மணிக்கு என் சீனியர் வந்து உங்கள் முதுகை அழுத்திப் பார்ப்பார். அவர் கை இரும்பு. கதவைத் திறந்து வையுங்கள்.

பி.கு.: உங்கள் புதுத் தூண்டிலையும் தம்பிக்கு எடுத்துப்போகிறேன். நீங்கள்தான் பாரம் தூக்கக் கூடாதே.