ஓட்டையில்லாத போனும் உன் வலது காதும்

என் உயிர் மச்சான் ஜுனைதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ மண்ணுக்குள் உறங்குகிற கபுறை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். கல்முனை பஸ் நிலையம் நீ விட்டுப்போன அதே இரைச்சலோடு இருக்கிறது. சுகமில்லாமல் இருப்பது என் மூளை மட்டும்தான். அது குழம்பிப்போய்க் கிடக்கிறது, அதற்கு முழுக் காரணமும் நீ. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு செய்தி. நான் புதுப் போன் வாங்கிவிட்டேன். பழையது என் சட்டைப் பையிலிருந்து சாய்ந்தமருதுக் கடலில் குளிக்க இறங்கியது, திரும்பி வரவில்லை. புதியது கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், விலாவில் தடவிப் பார்த்தேன். மச்சான், ஹெட்போன் குத்துகிற ஓட்டையைக் காணவில்லை.

வாங்கின கடைக்கே திரும்பிப் போனேன்.

"தம்பி, இதுல ஓட்டை அடைபட்டுக் கிடக்கு."

"அடைபடல்ல காக்கா" என்று கடைக்காரர் என்னை அண்ணனாக்கினார். "அது இப்ப வாறல்ல."

"ஏன் வாறல்ல?"

"போன் மெல்லிசா இரிக்கணுமெண்டு எடுத்துட்டாங்க. இனி எல்லாம் புளூடூத்துதான்."

"கீழ ஒண்டு இரிக்கே?"

"அது சார்ச் போடுற."

"அதுல ஹெட்போன் குத்தேலாதா?"

"குத்தலாம். ஆனா உங்கட ஹெட்போனக் குத்தேலா. அதுக்கு ஒரு சின்ன வால் வேணும்."

எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியிருக்குமா? முன்பெல்லாம் ஓட்டையும் ஒன்று, குத்தியும் ஒன்று. எந்த நாட்டு ஹெட்போனும் எந்தப் போனிலும் போய் இருந்துகொள்ளும், எங்கள் ஊர் மாப்பிள்ளைமார் எந்தப் பெண்வீட்டிலும் போய் இருந்துகொள்வது போல. இப்போது போன் மெல்லிசாகிவிட்டது, உண்மைதான். ஆனால் அதற்குப் பழைய குத்தியைப் பொருத்துகிற ஒரு வால், காதுக்குள் வைக்கிற இரண்டு கொட்டை, கொட்டைக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கும் சார்ச் என்று என் சட்டைப் பை தடித்துவிட்டது. அப்படியானால் மெல்லிசானது எது?

ஓட்டையை நான் ஏன் இப்படித் தேடினேன் என்று நீ கேட்பாய். உன் மெமரி கார்டு என்னிடம் வந்துவிட்டது, மச்சான்.

உன் வீட்டு மச்சி இன்னும் இத்தாவில் இருக்கிறா. கணவனை இழந்தவ அந்நிய ஆம்பிளைகளுக்கு முகம் காட்டாமல் இருக்கிற மாதங்கள். அதனால் நான் உங்கள் கேற்றடியில் நின்று தொண்டையைச் செருமிவிட்டு வருவதோடு சரி. உள்ளே போவது என் வீட்டுக்காரி பரீதாதான். போன கிழமை அவள் திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே உன் போனில் கிடந்த மெமரி கார்டு. கூடவே உன் பழைய வயர் ஹெட்போன், முடிச்சுக்கு மேல் முடிச்சு விழுந்து.

"மச்சி தந்தா. இத உங்களிட்டக் குடுக்கச் சொல்லி வெச்சாராம்."

"வேற என்ன சொன்னாராம்?"

"வேற ஒண்டுமில்லயாம்."

கார்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கலியாண ரெக்கோர்டிங். அதற்குள் எனக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது, அதைத்தான் நீ சொல்லாமல் போய்விட்டாய்.

இதை வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், நீ பொறுத்துக்கொள். என் கலியாணத்தில் நீ மாப்பிள்ளைத் தோழன். பெண்வீட்டுக்கு ஊர்வலமாகப் போகிறோம். முன்னால் பொல்லடிக்காரர்கள் பொல்லோடு பொல் தட்டி ஆடிப் போகிறார்கள். பின்னால் குடைக்குக் கீழே நான். கோட்டு, தலைப்பா, உச்சி வெயில். பாதி வழியில் எனக்குத் தலை சுற்றியது. "மச்சான், இந்தத் தலைப்பா இறுக்குதுடா, கொஞ்ச நேரம் நீ போடு" என்றேன். நீயும் ஒரு சொல் பேசாமல் எடுத்துப் போட்டாய். உனக்கு என்னைவிட நன்றாகவே பொருந்தியது, பாவி. பெண்வீட்டுப் படியில்தான் திருப்பித் தந்தாய்.

ஸ்பீக்கர் கட்ட வந்தவர் அன்றைக்கு ஒரு வேலை செய்தார். ஒரு மைக்கைப் பெண்வீட்டு முற்றத்தில் பொல்லடிக்குப் பக்கத்தில் வைத்தார். தாங்கள் நாக்கைச் சுழற்றி இடுகிற குரவையும் ரெக்கோர்டிங்கில் விழவேண்டும் என்று பெண்கள் சொன்னதால் மற்ற மைக்கை அவர்கள் இருந்த அறை ஜன்னலில் கட்டிவிட்டார். முற்றம் ஒரு காதுக்கு, அறை மற்றக் காதுக்கு. அந்தக் காசட்டை எங்கள் வீட்டு டேப்பில் எத்தனையோ தரம் போட்டிருக்கிறோம். அதற்கு இருந்தது ஒரே ஸ்பீக்கர். பொல்லுச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் விளங்காது. பிறகு அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்த காசட்டை நீதான் எடுத்துப்போய், கல்முனைக் கடையொன்றில் கொடுத்து, போனுக்கு மாற்றிக்கொண்டு வந்தாய்.

மறுநாளிலிருந்து உனக்கு இடது காது கேட்காமல் போனது.

எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அம்பாறைக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே ஹெட்போனைப் பங்கு போடுவோம். எனக்கு இடது, உனக்கு வலது. "எனக்கு இடது காது மந்தம்டா" என்பாய். சம்மாந்துறை வயல் தாண்டும்போது அந்த ரெக்கோர்டிங்கைப் போடுவாய். அண்ணாவியார், அதுதான் பொல்லடிக்குப் பாட்டெடுத்துக் கொடுத்தவர், ஓரிடத்தில் பாட்டை நிறுத்தி இருமுவார். அந்த இருமல் முடிய நீ சிரிப்பாய். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிப்பாய். கொஞ்சம் பொறுத்து என் துடையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவாய்.

"என்னடா சிரிப்பு?"

"ஒண்டுமில்லடா."

"அண்ணாவியார் இருமினதுக்கா?"

"ஓம், அதுக்குத்தான்."

ஒரு இருமலுக்கு வருசக்கணக்காகச் சிரிக்கிற மனிசன் உண்டா? என் நடையைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று ஒரு காலம் நினைத்தேன். ரெக்கோர்டிங்கில் நடை எப்படிக் கேட்கும் என்று பிறகு யோசித்தேன். எனக்கும் அனுப்படா என்றால், "அனுப்பினா கெட்டுடும்" என்பாய். நீ மௌத்தான அன்று, உன் ஜனாஸாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும்போது என் மனதில் வந்த முதல் நினைவு அதுதான், அல்லாஹ் மன்னிக்கவேண்டும். நீ எதற்குச் சிரித்தாய் என்று இனி யாரிடம் கேட்பேன்?

ஆகவே கார்டு கைக்கு வந்ததும் புதுப் போனில் போட்டேன். போனின் ஸ்பீக்கரில் கேட்டேன். பொல்லு, பொல்லு, பொல்லு. பின்னால் கொசு பறப்பது போல ஏதோ. கடைக்காரர் தந்த புளூடூத்துக் கொட்டையைக் காதில் வைத்தேன். அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் பொல்லடி முழங்கியது. வாங்கின அன்று சோதித்துப் பார்க்கப் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரோடு ஒரே ஒரு தரம் சேர்ந்த உறவை என் போன் மறக்கவில்லையாம். பக்கத்து வீட்டுக் காக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்.

"என்ன தம்பி, எங்கட ஊட்டுல ஆருக்குக் கலியாணம்?"

"எனக்குத்தான் காக்கா."

"ரெண்டாவதா?" என்றார். அடுப்படியில் அகப்பை நின்றது.

அத்தோடு கொட்டையைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். நமக்கு வயர்தான் சரி. உன் ஹெட்போனின் முடிச்சை அவிழ்த்தெடுத்துக்கொண்டு வால் வாங்கப் போனேன். முதல் வால் குத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பப் போனால், "இதுக்குள்ள சிப் இல்ல காக்கா. உங்கட போனுக்குச் சிப் உள்ள வால்தான் வேல செய்யும்" என்றார் கடைக்காரர். வாலுக்குள் மூளை இருக்கிறதாம், மச்சான். என் தலைக்குள் இல்லாதது அதற்குள் இருக்கிறது. இரண்டாவது வால் குத்தினேன். பாதி குத்துப்பட்ட நேரம் எல்லோரும் கிணற்றுக்குள் நின்று பாடினார்கள். நன்றாக அழுத்தினேன், மேலே வந்துவிட்டார்கள்.

பழக்கத்தில் இடது காதில் மட்டும் வைத்தேன். வலது நெஞ்சில் தொங்கியது. பொல்லடி. பாட்டு. அண்ணாவியார் இருமினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பொல்லடி. பாட்டு.

ஒன்றுமே இல்லை. திருப்பிப் போட்டேன், திரும்பவும் இல்லை. அப்படியானால் நீ சிரித்தது உண்மையாகவே இருமலுக்குத்தானா?

அந்த நேரம் பரீதா உன் வீட்டு மச்சியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். "மச்சிட்டக் கேளு" என்றேன், "அவருக்கு இடது காது எப்பயிருந்து கேக்காம இருந்த எண்டு." அவள் கேட்டாள். அங்காலிருந்து வந்த பதில் எனக்கே கேட்டது.

"ஆருக்கு? அவருக்கா? நான் அடுப்படிக்குள்ள நிண்டு முணுமுணுத்தா வாசல்ல இருந்து மறுமொழி சொல்ற மனிசன் புள்ள அவர். காதுல ஒரு குறையும் இல்ல."

ரெக்கோர்டிங்கை முதலிலிருந்து திரும்பவும் போட்டேன். பிறகு நெஞ்சில் தொங்கிய வலதை எடுத்தேன். உன் காதில் வருசக்கணக்காக இருந்தது. அதை என் காதில் வைக்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, மச்சான்.

பெண்களின் கலகலப்பு. ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டு அழுகிறது. பொல்லடி எங்கோ தூரத்தில். அண்ணாவியாரின் இருமல், அதுவும் தூரத்தில். அது முடிய, மைக்குக்குக் கிட்ட, ஜன்னலோரத்தில், ஒரு குரல். இத்தனை வருசம் என்னை ஏசி ஏசித் தடித்துப்போன குரல்தான், அப்போது நூல் மாதிரி இருந்தது.

"ராத்தா, தலைப்பா கட்டின ஆளா? யா அல்லாஹ், என்னா உசரம்!"

"ஏன்டி, புடிச்சிரிக்கா?" என்கிறா அவளின் ராத்தா, மூத்தவ.

"ம்."

அந்த "ம்" இருக்கிறதே மச்சான், அதை எனக்கு ஒரு நாளும் அவள் சொன்னதில்லை.

"அடியேய், பொறு. அது மாப்புள இல்லடி, தோழன். மாப்புள அங்கால குடைக்குக் கீழ நிக்காரு, பாரு. கட்டையா."

"ஆ... அவரா?"

இங்கேதான் நீ சிரித்திருக்கிறாய். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். குரவை எழுந்தது. அத்தோடு முடிந்தது என்று காதிலிருந்து எடுக்கப் போனேன். குரவை அடங்க, அதே நூல் குரல்.

"ராத்தா, அவர் சிரிச்சிட்டு வாறாரு."

"அதுக்கென்னடி?"

"ஒண்டுமில்ல. இவர் போதும்."

நீ துடையில் தட்டுகிற இடம் இதுதானே?

இப்போது சொல், நான் குழம்பாமல் என்ன செய்வேன்? முதல் பாதியை எனக்கு மறைக்கவா இத்தனை வருசம் நல்ல காதைச் செவிடாக்கினாய்? இரண்டாம் பாதியை மட்டும் சொல்லியிருக்கலாமே? ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டி வரும் என்று பயந்தாயா? சொல்ல வாய் வராமல்தான் கார்டை அனுப்பினாயா? எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, இவளுக்கு அது ஞாபகம் இருக்கிறதா?

போனை வைத்துவிட்டு பரீதா வந்து பக்கத்தில் இருந்தாள்.

"என்ன கேக்கீங்க? எனக்கும் ஒண்டத் தாங்களன்."

கை எதைக் கொடுப்பது என்று யோசிக்கவே இல்லை. இடதைக் கொடுத்தது.

"வலதத் தாங்க."

"எனக்கு இடது காது மந்தம் புள்ள."

"எப்பயிருந்து?"

"கொஞ்ச நாளா."

ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் வைத்துக்கொண்டாள். பொல்லடி தொடங்கியது. அண்ணாவியார் இருமினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னத்துக்குச் சிரிக்கீங்க?"

"ஒண்டுமில்ல" என்றேன். கொஞ்சம் பொறுத்து அவளின் கையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன்.

மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் ஹயாத்தோடு இருக்கும் வரைக்கும் எனக்கு இடது காது கேட்காது. அடுத்த போனில் சார்ச் போடுகிற ஓட்டையையும் எடுத்துவிட்டாலும், எந்த வாலை வாங்கியாவது அந்த வலது பக்கத்தை நான் காப்பாற்றுவேன். பரீதா நான் எழுதுகிற எதையும் வாசிப்பதில்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதினேன். வாசித்தவர்கள் யாரும் அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

தலைப்பாவை உன்னிடம் தந்துவிட்டு,
குடைக்குக் கீழே சிரித்துக்கொண்டு நிற்கும்
உன் கட்டை மச்சான்.