நம் வீட்டு மூன்று

நோர்டால்
அக்டோபர் 9

டாக்னி அக்காவுக்கு,

என் மருத்துவச் செலவைத் தர முடியாது என்று முடிவு செய்தது நீதான். காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தில் கடைசி வரியில் இருக்கிறது: பரிசீலித்த செவிலியர், டாக்னி ரஸ்ட். வென்டெல் இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்கக்கா பேரு மாதிரியே இருக்கே?" என்றார். மாதிரி இல்லை. நீயேதான்.

நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் காகிதம்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. சர்ச் சாப்பாட்டில் வரிசையில் நிற்கும்போது, விலாவுக்குக் கீழே கடப்பாரை வைத்து நெம்பியது போல வலி. கர்ப்பத்தின் இருபத்தாறாம் வாரம். காலையிலிருந்து குழந்தை அசையவும் இல்லை. முப்பது மைல் ஓட்டிக்கொண்டு போனோம். அவசரப் பிரிவில் பதிவு செய்த பெண் கேட்டாள்: "வலி எவ்வளவுங்க? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"மூணு இருக்கும்," என்றேன். சிரித்துக்கொண்டே. பேச மூச்சு போதவில்லை.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. எனக்கு அஜீரணம் என்று டாக்டர் எழுதினார். நீ என்ன எழுதினாய்? வலி மூன்று, நோய் அஜீரணம், ஆகவே அவசரம் அல்ல. ஆறாயிரத்து எண்ணூறு டாலரை நாங்களே கட்ட வேண்டுமாம். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், அக்கா.

பீட் கிழங்கு அறுவடையில் அப்பாவின் இரண்டு விரல் இயந்திரத்தில் போன அன்று காரை ஓட்டியவள் நீ. டாக்டர் கேட்டபோது அப்பாவும் "மூணு இருக்கும்" என்றார். அதை எத்தனை கிறிஸ்துமஸில் நடித்துக் காட்டியிருக்கிறாய்!

மாரிட்

மினியாபொலிஸ்
அக்டோபர் 15

என் செல்ல மாரிட்டுக்கு,

எப்படி இருக்கிறாய்? கால் வீக்கம் வடிந்ததா? இப்படிச் சண்டைக்கென்று ஒரு கடிதம் வர வேண்டுமா? ஒரு வரி குழந்தையைப் பற்றி எழுதியிருக்கக் கூடாதா?

என் போன் அலுவலகம் கொடுத்தது. அதில் இதைப் பேச முடியாது. ஒரு நாளைக்குத் தொண்ணூறு கோப்பு பார்க்கிறேன். கோப்புக்கு எண்தான் உண்டு, முகம் கிடையாது. முடிவில் எங்கள் பெயரைக் கணினியே போட்டுக்கொள்கிறது.

நவம்பர் 20க்குள் மேல்முறையீடு செய். குழந்தை அசையவில்லை, பயந்துவிட்டேன் என்று எழுது. இனிமேல் யாராவது கேட்டால் ஒன்பது என்று சொல். நம் வீட்டு வீராப்பை அங்கே காட்டாதே.

லெய்ஃப் உன்னைக் கேட்டான். சித்தி வயிற்றில் இருப்பது ஹாக்கி ஆடுமா என்று தெரிய வேண்டுமாம்.

உன் டாக்னி

நோர்டால்
அக்டோபர் 22

அக்கா,

கோப்பில் பெயர் இல்லாவிட்டாலும் பிறந்த தேதி இருக்குமே. என் பிறந்தநாளுக்குப் பதினெட்டு வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றியவளுக்கு அது வெறும் எண்ணா?

ஒன்பது என்று சொல்லச் சொல்கிறாய். அதாவது, பொய் சொன்னால் பணம் தருவீர்கள்.

நேற்று ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. "தலைவலி வந்து கண்ணுல பொறி பறந்துச்சுன்னா யோசிக்கவே கூடாது, நேரா அவசரப் பிரிவுக்கு வந்துடணும்," என்றார் டாக்டர். வென்டெல் அவரிடமே கேட்டார்: "வெறும் தலைவலின்னு ஆயிட்டா? அதையும் எங்க தலையில கட்டுவாங்களா?" டாக்டர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேல்முறையீட்டை எழுதிவிட்டேன். உன்னிடமிருந்து ஒரே தாள் வேண்டும். இந்த வீட்டில் மூன்று என்றால் என்ன பொருள் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அப்பாவின் விரலையும் எழுது.

மாரிட்

மினியாபொலிஸ்
அக்டோபர் 30

மாரிட்,

தேதியைப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். பார்த்ததும் கை நின்றது. சொந்தக்காரர் கோப்பு வந்தால் உடனே சொல்லிக் கைமாற்ற வேண்டும் என்பது விதி. அந்த வாரம் நான் ஏற்கெனவே அளவுக்கு மேல் செலவை அனுமதித்திருந்தேன். மேலாளர், "டாக்னி, ரொம்ப இளகின மனசா இருக்கீங்களே," என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அடுத்த கோப்பு உன்னுடையது. மறுப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

இப்போது அந்தத் தாளை எழுதினால் தெரிந்தே செய்தேன் என்று ஆகிவிடும். வேலை போகும். வேலையோடு எங்கள் காப்பீடும், லெய்ஃபின் இன்சுலினும் போகும். அவனுக்குப் பதினோரு வயது.

இத்துடன் இரண்டாயிரத்துக்குக் காசோலை. மறுக்காதே. குழந்தைக்குக் கம்பளி தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறேன், மஞ்சளில்.

டாக்னி

மாவட்ட மருத்துவமனை
நவம்பர் 11

அக்கா,

காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன்.

சனிக்கிழமை மதியம் தலைவலி வந்தது. பிறகு பொறி பறந்தது. வென்டெல் டிரக்கை மருத்துவமனை வாசலில் நிறுத்தி, "இறங்கு" என்றார். நான் இறங்கவில்லை. "கொஞ்சம் இருங்க, அடங்கிடும்," என்றேன். அவர் கெஞ்சினார், கத்தினார், "என்னடி கணக்குப் போடுற?" என்று ஸ்டீயரிங்கில் குத்தினார். நீ எழுதிய மறுப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்: வலி மூன்று, நோய் அஜீரணம், ஆகவே அவசரம் அல்ல. நாற்பது நிமிடம். கதவிலிருந்து இருபது அடி தூரத்தில்.

டிரக்கிலேயே வலிப்பு வந்தது. எனக்கு அது நினைவில்லை. வென்டெல் தூக்கிக்கொண்டு ஓடினாராம்.

பெண் குழந்தை. நாலு பவுண்டுகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள், மூச்சை இயந்திரம் விடுகிறது. "எப்ப பொறி பறந்துச்சு? ஏன் இவ்வளவு லேட்டு?" என்று டாக்டர் கேட்டார். வென்டெல் வெளியே போய்விட்டார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை.

லெய்ஃபை நினைத்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஆனால் உன் பிள்ளையைக் காட்டி உன்னை மிரட்டுகிறார்கள். நீ என் பிள்ளையை விட்டுக்கொடுத்தாய். இரண்டு பேரையும் மோதவிட்டவர்களுக்கு ஒரு காசு செலவில்லை.

தாளை அனுப்பு.

மாரிட்

மாவட்ட மருத்துவமனை
நவம்பர் 18

அக்கா,

ஒரு வாரமாகிறது. பொட்டலத்தில் மஞ்சள் தொப்பி வந்தது. அதை உதறிப் பார்த்தேன், உள்ளே தாள் இல்லை. இவள் தலைக்கு அது இன்னும் பெரிது.

காலையில் செவிலியர், குழந்தையை எடுத்த என் வயிற்றுத் தையலைப் பார்த்து, வலி எவ்வளவு என்று கேட்டாள். ஒன்பது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மூணு இருக்கும்" என்றுதான் வந்தது.

நாளை மறுநாள் கெடு. இது கிடைத்த அன்றே நீ உன் அலுவலகத்தில் கொடுத்தால்தான் போய்ச் சேரும்.

நம் வீட்டில் மூன்று என்றால் எவ்வளவு அக்கா? எழுது.

மாரிட்