பிஸ்கட்டின் இடது சிறகு

ஜூலை 5, சனி

பிஸ்கட் என்னும் வெள்ளை லெகார்ன் கோழியின் மீது எனக்குள்ள குறைகள்:

1. மே 28 — அடைப்பின் வேலியைப் பறந்து தாண்டி, என் லெட்யூஸ் கீரைப் பாத்தி முழுவதையும் தின்று தீர்த்தது.

2. ஜூன் 6 — பியோனிப் பூச்செடிகளின் அடியில் குழி பறித்து மண்குளியல் போட்டது. ஒரு செடி வேரோடு சாய்ந்தது.

3. ஜூன் 19 — பக்கத்து வீட்டு வாஸ், நாங்கள் உணவுக்கு அமர்ந்திருந்த நேரத்தில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "புரொஃபசர், உங்க வீட்டம்மா மறுபடியும் எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்துட்டாங்க" என்றார். வாஸ் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறார்.

4. ஜூலை 4 — எங்கள் வீட்டுச் சுதந்திர தின விருந்தில், கல்லூரி முதல்வர் பார்த்துக்கொண்டிருக்கையில், உருளைக்கிழங்கு சாலட்டுக்குள் இறங்கி நின்றது.

இதை மார்லிஸிடம் வாசித்துக் காட்டினேன். "கோழிக்கும் ஒரு நகல் குடுத்துடு, லோவெல்" என்றாள் என் மனைவி. நான் வேடிக்கைக்காக எழுதவில்லை.

ஜூலை 14, திங்கள்

மூத்தவள் கிரேட்டாவுக்குப் பதினொரு வயது. அடுத்த வாரம் எங்கள் கவுண்டியின் விவசாயக் கண்காட்சியில் பிஸ்கட்டை நடுவர் முன் காட்டப்போகிறாள். கோழியின் அழகுக்கு அதில் மதிப்பெண் குறைவாம். பிள்ளை அதை எப்படிப் பிடிக்கிறது, எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறது என்பதற்கே மதிப்பெண். ஒரு நாள் வயதுக் குஞ்சிலிருந்து அவள் வளர்த்தது அது.

சமையலறை மேசை மேல் ஒத்திகை நடந்தது. ஆறு வயது ஜூனி என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவரானாள்.

"இந்தக் கோழி பேர் என்ன?"

"நடுவர் பேரெல்லாம் கேக்க மாட்டாருடி. காது மடல் என்ன நிறம்னு கேளு."

"காது மடல் என்ன நிறம்?"

"வெள்ளை."

"எனக்குத் தெரியும். நான் உன்னைச் சோதிச்சேன்."

"அப்பா, பாக்குறீங்களா?" என்று கிரேட்டா இரண்டு முறை கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். கோடைக்கால வகுப்பின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21, திங்கள்

நேற்றுதான் பிஸ்கட்டைப் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, தலைமுடி உலர்த்தியால் காயவைத்தார்கள். இன்று மாலை பறந்துபோய் வாஸின் கொட்டகைக் கூரையில் உட்கார்ந்துவிட்டது. ஏணி கொண்டுவந்தவர் அவர். "பாத்து ஏறுங்க, புரொஃபசர். கீழ விழுந்தா உங்களையும் நான்தான் கக்கத்துல தூக்கிட்டு வரணும்" என்றார்.

கிரேட்டாவும் மார்லிஸும் கூண்டுகளைத் துடைக்கக் கண்காட்சித் திடலுக்குப் போயிருந்தார்கள். கோழியைக் கீழே இறக்கியதும், அது இனிப் பறக்க முடியாதபடி இடது சிறகின் பெரிய இறகுகளைக் கத்தரித்தேன். வலிக்காது, நகம் வெட்டுவது போலத்தான். வெளியோரத்தில் இரண்டை மட்டும் விட்டுவைத்தேன். சிறகை மடக்கினால் ஒன்றும் தெரியாது. இலையுதிர் காலத்தில் மீண்டும் முளைத்துவிடும். கண்காட்சி முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

இனி வாஸ் சிரிக்க வேறு ஏதாவது தேடட்டும்.

ஜூலை 23, புதன்

எழுத முடியவில்லை.

ஜூலை 24, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று கண்காட்சியில் ஐந்து பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், வெள்ளைச் சட்டையில். கிரேட்டா கோழியைக் கூண்டிலிருந்து எடுத்தது, மார்புக்கு அடியில் கை கொடுத்தது, கண்ணையும் கொண்டையையும் காட்டியது — எல்லாவற்றுக்கும் நடுவர் தலையசைத்தார். வெளியூர்க்காரர், பொறுமையானவர். பிறகு அவள் வலது சிறகை விரித்தாள். இறகுகளை எண்ணிச் சொன்னாள். இடது சிறகை விரித்தாள்.

எண்ணத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இதை யாரும்மா வெட்டினது?"

அவள் தலையைத் தூக்கினாள். மர இருக்கைகளில் நான் இருந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு முறைதான்.

"நான்தான், சார்."

"நிறம் மாறின இறகு ஏதாவது இருந்துச்சா? அதை மறைக்கவா?"

அவள் சிறகை மெல்ல மடக்கினாள். கோழியைக் கூண்டில் வைக்கச் சொன்னார். கூண்டில் விடும்போதும், கற்றுக்கொண்டபடியே, தலை முன்னே போகுமாறு பதமாக விட்டாள்.

என் பக்கத்தில் முதல்வரின் மனைவி இருந்தார். "பாவம், குழந்தை. என்ன ஆசையோ" என்றார். என் கையில் லெமனேட் இருந்தது. நான் அதைக் குடித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுவதானால் இதையும் எழுத வேண்டும்: குடித்தேன்.

கோழிப் பிரிவின் பொறுப்பாளர் டாரிஸ் கெம்ப் மாலையில் விதியைச் சொன்னார். குறையை மறைக்கப் பறவையை மாற்றுவது முறைகேடு. அடுத்த ஆண்டும் கிரேட்டா காட்ட முடியாது.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

நடுவர் மீது புகார் எழுத உட்கார்ந்தேன். பதினொரு வயதுப் பிள்ளையை அத்தனை பேர் முன்னால் விசாரித்தது முறையா? பெற்றோரை ஏன் அழைக்கவில்லை? வாக்கியங்கள் தாமாகவே வந்தன. கோபம் வந்தால் எனக்கு நன்றாக எழுத வரும்.

இரவு உணவில் மார்லிஸ், "எனக்கு ஒண்ணுதான் புரியல. நாங்க குளிப்பாட்டுறப்ப இறகு முழுசா இருந்துச்சே" என்றாள்.

ஜூனி சோளக்கதிரிலிருந்து வாயை எடுக்காமல் சொன்னாள்: "அப்பாதான் பிஸ்கட்டுக்கு முடி வெட்டினார். நான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு ரெண்டு குச்சி ஐஸ் குடுத்தார். ஒண்ணு ஆரஞ்சு."

 மார்லிஸ் என் முகத்தையே பார்த்தாள். கிரேட்டா தட்டை எடுத்துக் கழுவிவைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அவளுக்கு இது செய்தியே அல்ல.

திங்கட்கிழமைக் குறிப்பில் குச்சி ஐஸ் பற்றி நான் எழுதவில்லை. இங்கே, என்னைத் தவிர எவரும் படிக்காத பக்கத்தில்கூட.

புகாரைக் கிழித்துப் போட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

கோழி அடைப்பில் கிரேட்டாவிடம் போனேன். தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். நானென்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அவ்ளோ நேரா வெட்டியிருந்துச்சு. நம்ம வீட்டுல யாரு அப்படி வெட்டுவா?"

"பிறகு ஏன் நீ வெட்டியதாகச் சொன்னாய்?"

"உங்க பேரைச் சொன்னா எல்லாரும் உங்களைத் திரும்பிப் பாப்பாங்க. உங்களுக்குத்தான் அது புடிக்காதே."

தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். "நீங்க எழுந்து சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அந்தக் கோழியைவிட இவளை எவ்வளவு குறைவாகக் கவனித்திருக்கிறேன் — கோழிக்காவது தேதி போட்டு எழுதிவைத்தேனே. ஒத்திகையில் தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தால் சிறகை விரித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பது தெரிந்திருக்கும். ரெண்டு தடவ கூப்பிட்டாளே. என்ன மனுஷன்டா நீ.

ஜூலை 30, புதன்

டாரிஸ் கெம்ப் வீட்டுக்குப் போனேன். தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தாமல் கேட்டார்.

"நடுவரைத் திட்ட வந்தீங்களா?"

"இல்லை. நான் வெட்டினேன்."

மூட்டையைக் கீழே வைத்தார். "அப்பாக்கள் வருஷா வருஷம் வருவாங்க, புரொஃபசர். திட்டத்தான் வருவாங்க." கையிலிருந்த தூசியைத் தட்டினார். "ஆனா பொண்ணு தன் வாயாலேயே சொல்லியிருக்கா. நான் ஒருத்தி மாத்த முடியாது. எழுதிக் குடுங்க. கண்காட்சிக் குழு கூடும்போது எல்லார் முன்னாடியும் நீங்களே படிக்கணும். வாஸும் குழுவில இருக்காரு, பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

கடிதத்தின் முதல் வரைவைக் கிரேட்டாவிடம் கொடுத்தேன். 'வீட்டில் நேர்ந்த ஒரு கவனக்குறைவால்' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"நேர்ந்துச்சா? தெரியாம நேர்ந்ததா இருந்தா ஓரத்துல ரெண்டு இறகை எதுக்கு விட்டு வச்சீங்க?"

அவள் சொன்னபடி மாற்றினேன். ஜூனி தன் குச்சி ஐஸும் அதில் வர வேண்டும் என்றாள். கிரேட்டா ஆமாம் என்றாள். சேர்த்தேன். மார்லிஸ் படித்துவிட்டுத் தபால்தலையைத் தானே ஒட்டினாள். குழுவுக்கு அனுப்பிய கடிதத்தின் நகலை இங்கே எழுதிவைக்கிறேன்.

'குழுவினருக்கு,

ஜூலை 21 மாலை, என் மகள் வீட்டில் இல்லாதபோது, அவளுடைய கோழியின் இடது சிறகை நான் வெட்டினேன். அது அயல்வீட்டுக்குப் பறந்து என்னைச் சிரிப்புக்கு ஆளாக்கியது, அதுவே காரணம். வெட்டியது தெரியாமலிருக்க ஓரத்தில் இரண்டு இறகுகளை விட்டேன். பார்த்துவிட்ட இளைய மகளின் வாயை அடைக்க இரண்டு குச்சி ஐஸ் கொடுத்தேன். மூத்த மகள் நடுவர் முன் பழியைத் தன்மேல் ஏற்றபோது, இருபதடி தூரத்தில் உட்கார்ந்து நான் மௌனமாக இருந்தேன். நடுவர் செய்தது சரி. அவள் சொன்னது மட்டுமே பொய், அதுவும் எனக்காக.

அவள் பெயருக்கு எதிரே உள்ள முறைகேடு என்னும் சொல்லை நீக்கி, என் பெயருக்கு எதிரே எழுதுங்கள். அடுத்த ஆண்டு அவள் காட்ட வேண்டும். கூட்டத்தில் இதை நானே நின்று வாசிப்பேன்.

உங்கள் முடிவை எனக்குத் தெரிவிக்க வேண்டாம். கிரேட்டா பிராண்ட்வோல்ட் என்ற பெயருக்கு, எழுத்தில், ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் வந்து சேர வேண்டும்.'